ஓடாதே, மெர்சி!

போன ஞாயிறு மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் மைதானத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் பார்த்தேன். இரண்டு எஸ்டேட்களின் பெண்கள் அணிகள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஸ்டெல்லாவுக்கு அப்படி இல்லை.

ஸ்டெல்லா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். உள்ளூர் அணியின் கேப்டன், கோச், பின்கள ஆட்டக்காரர் – மூன்றும் அவரே. கிளப் செயலாளர் முன்பே சொல்லிவிட்டார்: ‘‘இந்த வருஷமும் தோத்தீங்கன்னா லேடீஸ் டீம் கிடையாதும்மா.’’ போன வருடம் வாங்கிய கோல்களை அவர்களே பாதியில் எண்ணாமல் விட்டுவிட்டார்களாம்!

காரணம் எளிது. பந்து எங்கேயோ, அங்கே எல்லோரும் ஓடுவார்கள். பின்னால் காலியாகும் இடத்தில் எதிரணி அடுப்பு வைத்துச் சோறே ஆக்கலாம்.

இந்த முறை ஸ்டெல்லா சொன்னது இவ்வளவுதான். ‘‘வரிசை கலையக் கூடாது. அவளுக முதுகு காட்டுனா மட்டும் பாயுங்க.’’ தன் கோல் பக்கம் திரும்பி நின்று பந்தை வாங்குகிறவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அந்த நொடியில் நெருக்க வேண்டும். மற்ற நேரம் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதைக் கரையில் நிற்கும் கூட்டம் பொறுக்குமா?

‘‘ஏட்டி மெர்சி, என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? போய்ப் புடி!’’

கத்தியது ஸ்டெல்லாவின் கணவர் சைமன்.

‘‘ஏங்க, நீங்க வேணா உள்ள வந்து ஓடுங்களேன்!’’ – ஸ்டெல்லா ஆடிக்கொண்டே பதில் கொடுத்தார். கூட்டம் சிரித்தது.

மெர்சி சிரிக்கவில்லை. முன்கள ஆட்டக்காரி, ரோஷக்காரி. பாய்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். எதிரணி ஒரே பாஸில் அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. கோல்.

‘‘யாரு சொல்லிட்டி ஓடுன?’’

‘‘எல்லாரும் சொன்னாங்கக்கா.’’

இடைவேளைக்குப் பிறகு பனி இறங்கியது. பந்தோடு ஓடிய நடுவருக்கு ஆட்டம் தெரிந்தது. எங்களுக்கு நிழல்கள் மட்டும். சைமன் வாயைத் திறந்தார்... யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து குரல்கள்.

‘‘ரோசி?’’

‘‘இங்கனதான்.’’

‘‘ஜெயா?’’

‘‘ஒனக்கு எடப்பக்கம்!’’

பனி நாளில் கொழுந்து எடுக்கும்போது, செடி நிரையில் யாரும் தனியே பிந்திவிடாமலிருக்க இப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். பக்கத்தில் யானை நிற்கலாம் இல்லையா? அதே பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். குரல்களுக்கு நடுவிலிருந்த தூரம் மாறவே இல்லை.

பிறகு ஸ்டெல்லா: ‘‘மெர்சி, முதுகு! இப்பப் போ!’’

தடதடவென்று காலடிகள்... ஓர் உதை. பனிக்குள் விசில். பெண்களின் கூச்சல். ஒன்றுக்கு ஒன்று! ஆட்டம் அப்படியே முடிந்தது.

செயலாளர் முகம் சுளித்தார். ‘‘ஜெயிக்கலையே?’’

‘‘தோத்தாத்தானே சார் டீம் கிடையாதுன்னீங்க?’’ ஸ்டெல்லா முட்டியிலிருந்த சேற்றை வழித்து எறிந்தார். ‘‘அடுத்த வருஷத்துக்கு ஜெர்சிக்குச் சொல்லிருங்க.’’

செயலாளர் தலையாட்டினார். வேறு வழி?

இடம் மாறாமல் நிற்பதும் ஒரு வேலைதான். கரையில் சும்மா நிற்பவர்கள் மட்டும் அதை ஒப்புக்கொள்வதே இல்லை.

அடுத்த வருடம் பனி இறங்காமல் வெயில் அடித்தால்? அணிக்குப் பஞ்சு வாங்கித்தர நான் தயார் – காதில் வைத்துக்கொள்ள.