பதினைந்தடிக் குழி

மூன்று வாரமாக இந்தப் பத்தியில் வேறு எதை எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். இனி இதை எழுதாமல் இருக்க முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பிரிங்வெளிக்குக் கீழே, ஓடைக்கரையில் ஒரு மாணிக்கக் குழியைப் பார்க்கப் போனேன். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹமீது முதலாளியின் காணி. குழி தோண்டும் அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். சுரங்க அனுமதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அல்லவா? படிவத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

சுரங்கம் என்றால் தோண்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தோண்ட யாருக்குத்தான் தெரியாது? தோண்டிய பிறகு மண், தண்ணீர், கெட்ட காற்று — இந்த மூன்றிடமிருந்தும் உள்ளே நிற்கிற மனிதனைக் காப்பதுதான் சுரங்கப் பொறியியல். மற்றதெல்லாம் மண்வெட்டி வேலை.

குழி பதினைந்தடி. நாலு சுவரும் நூல் பிடித்தாற்போல் நேர். ஆனால், ஒரு சுவருக்கும் மரத்தால் முட்டுக் கொடுக்கவில்லை.

உள்ளே மாரிமுத்து. பக்கத்துத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். தேயிலைக்கு நடுவே மழைநீர் வடிய வெட்டுவதுதான் கான். மேலே அவருடைய கூட்டாளிகள் இருவர் மண் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேலை ஏறி வாங்கோ. சுவர் சரியப் போகுது," என்றேன்.

"பயப்படாதீங்க ஐயா. நான் வெட்டுன கான் இருவது வருசமா அப்படியே நிக்கிது. இது என்ன நாங்க குடியிருக்கிற லயமா, மழை பேஞ்சா விழுறதுக்கு?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். கானின் ஆழம் இரண்டடி... இதை எப்படி விளக்குவது?

முதலாளியிடம் திரும்பினேன். "முட்டு மரம் எங்கை?"

"நீங்கதானே சேர் சொன்னீங்க, பெர்மிட் இல்லாம காட்டுல மரம் வெட்டினா கேஸ்னு? எழுதிப் போட்டு ரெண்டு மாசம். இன்னும் வரல்ல."

உண்மைதான். சொன்னவன் நான்.

என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, மாரிமுத்து ஏறி வந்தார். வந்தவர் கையைப் பார்த்தார்.

"அடடா, தோட்டத்து மம்பட்டி உள்ளயே கெடக்கு. நாளைக்குக் காலப் பெரட்டுல பேர் கூப்பிடும்போது அது இல்லாம போய் நின்னா கங்காணி என் உசுர எடுத்திருவாரு."

நான் பிடிக்குமுன் ஏணியில் இறங்கிவிட்டார். ஓடைப் பக்கச் சுவர் பெரிய சத்தம்கூட இல்லாமல் சரிந்தது.

கூட்டாளிகள் யாரையும் கேட்கவில்லை. முதலாளியின் காணி ஓரத்தில் நின்ற கமுகுகளை வெட்டி, மிச்சச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே இறங்கிக் கையால் மண்ணை வாரினார்கள். வெளியே எடுத்தபோது மாரிமுத்துவின் உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

மரண விசாரணையில் கேட்ட கேள்விக்கெல்லாம் விதி இலக்கத்தோடு பதில் சொன்னேன். என்னை யாரும் கேட்காத ஒன்று உண்டு. காட்டு மரத்துக்குத்தான் அனுமதி வேண்டும். சொந்தக் காணியில் நிற்கும் கமுகை வெட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அது எனக்குத் தெரியும். முதலாளி காட்டு மரத்தைப் பற்றித்தான் கேட்டார் — நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.