அண்ணி கொட்டிய பிரட்டல்

மார்பு ஒன்றை எடுத்த பிறகு என்னைக் கூலாய் ஊரிலுள்ள தன் வீட்டுக்கே அழைத்து வந்தவர் அண்ணி, என் அண்ணனின் மனைவி. தைப்பூசத்துக்கு எனக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவரும் அவர்தான். வீடே விரதம். மத்தியானம்தோறும் சைவ மட்டன் பிரட்டல். சோயாவில் செய்து, உறைந்த பாக்கெட்டில் வருமே, அது. பட்டையும் மிளகும் போட்டு அண்ணி வறட்டி இறக்கினால் ஆட்டுக்கே சந்தேகம் வந்துவிடும்.

விரும்பித்தான் சாப்பிட்டேன். மேலே ஒரு மாத்திரை. என் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. அதைப் பட்டினி போடத்தான் மாத்திரை.

விரதம் பாதி கடந்தபோது குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சோயாவில் செடியின் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாம், மார்புப் புற்றை வளர்க்குமாம். கூடத்தில் நான் படித்து முடிக்கவில்லை, சமையலறையில் ஏதோ ஈரமாக விழும் சத்தம். போய்ப் பார்த்தால் பிரட்டல் முழுவதும் குப்பைத் தொட்டியில், ஆவி பறக்க.

"என்ன அண்ணி?"

"என் கையாலயே ஊட்டி வளத்திருக்கேன்."

"எத?"

"அதத்தான்."

அதன் பெயரை அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சோயா என்னைத் தொடர்ந்தது. ரொட்டி உறையில் சோயா, பிஸ்கட்டில் சோயா, கறுப்புக் கிச்சாப் சாற்றுப் போத்தலில் சோயா, பசார் மாலம் இரவுச் சந்தையில் பையில் கட்டித் தொங்கும் வெள்ளைச் சோயாத் தண்ணி. அப்பாவி அவரை விதை. அதற்கு எதற்குப் பெண்ணின் சாயல்? இல்லாத மார்பு வெயிலில் அரிக்கும். சொறியக் கை போகும், துணிதான் அகப்படும். உள்ளே எங்கோ ஒரு செல் தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, நான் மென்று விழுங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் சில பகல்களில் நினைக்கிறேன்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ஈஸ்ட்ரோஜன் உக்கார்ற நாற்காலில இதுவும் வந்து உக்காரும்மா. ஆனா சாதுவான ஆளு. லேப்ல, கண்ணாடித் தட்டுல செல்ல வெச்சு இத ஊத்தினப்ப வளந்துச்சு, உண்மைதான். எலிலயும் பாத்திருக்காங்க. ஆனா நீங்க தட்டும் இல்ல, எலியும் இல்ல லா. சாப்பாட்டுல சோயா சேத்துக்கிட்ட பொம்பளைங்களுக்கு அதனால நோய் திரும்புறதா தெரியல. கேப்சூல், பவுடர்னு விக்கிறாங்களே, அத மட்டும் தொடாதீங்க."

வீட்டில் வந்து சொன்னேன். அண்ணி வெண்டிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"மறுபடியும் வெண்டிக்காயா?" என்றார் அண்ணன். "முருகனுக்கே அலுத்துப்போச்சு."

"நீங்க வாய மூடுங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. நோய் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். திரும்பினால் ஏன் என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அண்ணி சொல்லிவிடுவார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவார். என் உடம்புக்குள் இருப்பது பேயென்றால், அது இப்போது அவருக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து நானே சமைத்தேன். மசாலா அடிபிடித்து, வீடெல்லாம் கருகல் வாடை. அண்ணி வாசற்படியிலேயே நின்றார்.

"வேணாம்மா. சொன்னா கேளு."

"உக்காருங்க அண்ணி. நீங்க பாக்கத்தான் சாப்பிடுறேன்."

உட்காரவில்லை. முதல் துண்டை வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கினேன். அண்ணி என் தட்டைப் பார்க்கவில்லை. சட்டை தட்டையாய்க் கிடக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே இப்போதே ஏதாவது அசைந்துவிடும் என்பதுபோல. நானும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த துண்டை எடுத்தேன்.