ஸ்டெல்லா எடுத்துத் தந்த கிளாரினெட்

றீட்டா, ஸ்டெல்லா இறந்த செய்தியின் கீழே, நம் பழைய மாணவிகள் குழுவில் சிலர் எழுதியிருப்பது தவறு. நல்ல கிளாரினெட்டை நான் பறித்துக்கொண்டதால்தான் அவள் பியானோவில் போய் உட்கார்ந்தாளாம். எனக்குக் கிளாரினெட்டைத் தெரிவு செய்து தந்தவளே அவள்தான்.

கொன்வென்ட் இசை அறையில் வாவிக் காற்றும் பூச்சி உருண்டையும் கலந்து மணக்கும்... அலுமாரியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு கிளாரினெட்டுகள். ஒன்று பளபளக்கும். மற்றது சற்று நீளம், சாவிகள் கறுத்துப்போனது. மாணவிகளின் இசை நிகழ்ச்சிக்கு நான் பளபளப்பானதை எடுத்தேன். யாராயிருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

அது பியானோவோடு சேரவே இல்லை. நெடுநாள் சுருதி கூட்டாமல் தந்திகள் தளர்ந்து பியானோ அரைச் சுரம் இறங்கியிருந்தது. சுருதி கூட்டுபவர் மாரி முடிந்துதான் கொழும்பிலிருந்து வருவார். பிழை என்னுடையதல்ல என்று சிஸ்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எழுந்துபோய்க் கறுத்ததை எடுத்துவந்தாள்.

"இத ஊதுகா. பியானோ உனக்காக ஏறி வராது."

அதே தாள், அதே விரல்கள். குழல் நீளம் என்பதால் ஒலி மட்டும் அரைச் சுரம் கீழே வந்தது. பியானோவோடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

என்ன வாசிப்பது என்று தேடியதும் அவள்தான். பியானோவின் அடிப்பக்கத்தில் சில கட்டைகள் ஊமை. அவை வராத இசையாக வேண்டும். ட்ரங்குப் பெட்டியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்கு வேகமானது வேண்டும் என்றேன்.

"நீ ஓடிப் போயிருவா. நான் எங்க போய் நிக்கிற?" என்றாள்.

கடைசியில் மெதுவான ஒன்று கிடைத்தது. தலைப்பைப் பூச்சி அரித்திருந்தது. பெயர் தெரியாமலே வாசித்தோம். முதலில் பியானோ தனியாகத் தொடங்கும். பிறகு நான் சேருவேன்.

அந்தத் தொடக்கத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊதுவாயிலுள்ள நாணல் தகட்டை நாக்கில் நனைத்தபடி, நான் சேரும் இடத்துக்காகத் தாளம் எண்ணிக்கொண்டிருப்பேன்...

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையில் அதை வாசிக்க வேண்டும் என்று ஸ்டெல்லாவின் மகள் கேட்கிறாள். என் பகுதியை இன்றும் பிழையின்றி எழுதித் தருவேன். அவளுடையது என்னிடம் இல்லை. தாள்கள் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டன.

இப்போது பிள்ளைகளுக்குக் கீபோர்ட் இருக்கிறது. எத்தனை வருடமானாலும் அதன் சுருதி இறங்குவதில்லை. யாரும் யாருக்காகவும் வாத்தியம் மாற்றத் தேவையில்லை.

றீட்டா, அன்று அவள் பக்கத்தில் நின்று தாள் திருப்பியவள் நீ. நான் சேரும்வரை அவள் வாசித்தது நினைவிருந்தால், சுரங்களின் பெயரை மட்டுமாவது எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. எனக்கு இப்போது காது கேட்பதில்லை. மறுமுனையில் சொல்வதைக் கேட்டு எழுதிக் காட்ட என் கணவரும் இல்லை.

எழுதி அனுப்பு.