ஏழு கிழமையின் நிழல்

திண்டுக்கல்லில் கறுப்பு வெள்ளை, கலர், வீடியோ, கம்ப்யூட்டர் என்று நான்கு காலத்தையும் பார்த்து, நான்கிலும் சம்பாதித்த போட்டோக்காரன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைத்ததில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டேன். முகூர்த்த மாதங்களில் வத்தலக்குண்டிலிருந்து சாணார்பட்டி வரைக்கும் என் வண்டி நிற்காத கல்யாண வீடு குறைவு. டிஜிட்டல் கேமரா வந்தபோது, ஃபிலிம் இல்லாமல் என்ன போட்டோ என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சென்னைக்குப் போய் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அப்படிப்பட்டவனுக்கும், இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் ஒரு சோதனை வந்தது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று கடையின் முகப்பை இடித்துவிட்டார்கள். கண்ணாடி ஷோகேஸ், அதில் சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பெண் படங்கள், வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு எல்லாம் போயிற்று. மிச்சம் இருந்தது, பிரிண்ட் கழுவிய பழைய இருட்டறை மட்டும். போட்டோக்காரனுக்கு முகப்பு இல்லாவிட்டால் பாதித் தொழில் போன மாதிரி.

அந்த நேரத்தில்தான் வெங்காய மண்டி முதலாளி ஒருவர் நத்தம் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கினார். வாசலை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி ஓர் அறை பிளானில் இருந்தது. மண்டபத்துக்குள் நுழைகிற எவனும் அந்த அறையைத் தாண்டாமல் போக முடியாது. பிளானைப் பார்த்த அன்றே அந்த அறையில் என் போர்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன், மனதுக்குள்தான்.

சும்மா கேட்டால் கிடைக்குமா? ஒரு மொட்டு விரிந்து பூவாவதைக் கண் சிமிட்டும் நேரத்தில் டி.வி.யில் காட்டியதைப் பார்த்திருந்தேன். அதையே முதலாளியிடம் சொன்னேன். தினம் ஒரு படம், ஒரே இடத்தில் இருந்து. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், உங்கள் மண்டபம் மண்ணிலிருந்து தானாக முளைத்து எழுந்து நிற்கும், திறப்பு விழாவில் பெரிய திரையில் போடலாம் என்றேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "நல்லா வந்துச்சுன்னா முன் ரூம் ஒனக்கு. வரலேன்னா பழனி ரோட்டு ஸ்டுடியோக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போயிருக்கான், அவனுக்கு. சரியா?"

"சரிங்க முதலாளி."

"இன்னொண்ணு. அன்னன்னைக்கு நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கணும். என் கட்டடத்த ராகு காலத்துல எவனும் படம் புடிக்கக் கூடாது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் கல்யாண வேலைக்குப் போனாலும் முதல் படத்தை நல்ல நேரத்தில் எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவோம். ஸ்டுடியோவில் தினசரி காலண்டர் இல்லாத போட்டோக்காரன் கிடையாது.

மண்டபத்துக்கு எதிரே ஒரு டயர் கடை. அதன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் இரும்புக் குழாயைச் சிமெண்டு வைத்து நட்டேன். அதன் தலையில் கேமராவை முடுக்குகிற மாதிரி ஒரு தகடு. வெல்டிங் பட்டறையில் பக்கத்தில் நின்று நானே சொல்லிச் செய்யவைத்தது. கேமராவை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இம்மி அசையாது. அந்த ஏற்பாட்டைப் பார்க்க எஞ்சினியர் ஒருவர் மாடிக்கு ஏறி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலண்டரைப் பார்த்து, அன்றைய நல்ல நேரத்தில் மாடி ஏறி ஒரு படம். மழையானாலும் சரி, முகூர்த்த நாளானாலும் சரி, விட்டதில்லை.

மண்டபம் பூச்சு வேலைக்கு வந்தபோது படங்களைச் சேர்க்க உட்கார்ந்தேன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற புரோகிராமில் ஒவ்வொரு படமாக இழுத்து வைத்தேன். பாதியில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மறுபடி முதலில் இருந்து. மறுபடி உறைந்தது.

என் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதை நடத்திய டீச்சர், முப்பத்தைந்து வயசு இருக்கும், கான்வென்டில் படித்து வந்த கத்தோலிக்கப் பெண்மணி. என் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடிக்கும்போதெல்லாம் இறங்கி வந்து பார்ப்பார். நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏண்ணே, இப்படி ஒண்ணொண்ணா அடுக்குனீங்கன்னா, மண்டபத்துல கல்யாணம் பண்ணுனவங்க புள்ளைக்குக் காதுகுத்து வந்துரும். மேல வாங்க, எங்க லினக்ஸ்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தாரேன்."

மேலே போனேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. பொத்தான் இல்லை, படம் இல்லை, மவுஸ் என்கிற எலிக்கு வேலையே இல்லை. டீச்சர் சில வரிகளைத் தட்டினார். ஷெல் ஸ்கிரிப்ட் என்றார்.

"என்ன எழுதுனீங்க டீச்சர்?"

"கம்ப்யூட்டருக்கு வேல சொல்லியிருக்கேண்ணே. இந்தப் பெட்டியில இருக்குற படத்த வரிசையா எடு, எல்லாத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கு, நம்பர் போடு, கடைசியா ஒட்டி வீடியோவா குடு. நாம டீ குடிக்கலாம்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்யாண வீட்டில் லைட் பிடிக்கிற ஆளுக்கு மேடைக்குப் போகுமுன்னே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி வைப்பேன், பிறகு திரும்பிப் பார்க்க மாட்டேன். இதுவும் அப்படித்தான். என்ன, இந்த ஆள் பந்திக்கு ஓடிப்போகாது.

டீ குடித்து முடித்தோம். வீடியோ தயாராக இருந்தது. ஓட்டினார்.

மண்டபம் எழுந்தது, அதில் குறையில்லை. குழாய் இம்மி அசையவில்லை, கட்டடமும் அசையவில்லை. ஆனால் வெளிச்சம் பேயாட்டம் ஆடியது. வாசலில் நின்ற கரண்டு கம்பத்தின் நிழல் இந்தப் பக்கம் விழுகிறது, அடுத்த கணம் அந்தப் பக்கம், அடுத்த கணம் காலடியில் சுருண்டு கிடக்கிறது. சுவர் மஞ்சளாகிறது, வெளுக்கிறது, கறுக்கிறது. யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி. முப்பது விநாடி பார்ப்பதற்குள் எனக்கே தலை சுற்றியது. இதைப் பெரிய திரையில் போட்டால் பந்தியில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். முன் அறை பழனி ரோட்டுக்காரன் கைக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

டீச்சர் கறுப்புத் திரையில் வேறு ஏதோ தட்டினார். நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. எந்தப் படம் எப்போது எடுத்தது என்பதைக் கேமராவே படத்துக்குள் எழுதி வைத்துவிடுமாம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. செவ்வாக்கெழம காலையில ஏழரைக்கெல்லாம் வந்துர்றீங்க. புதன்கெழம மட்டும் ஏன் லேட்டா எந்திரிக்கிறீங்க? திங்கக்கெழம சாயங்காலந்தான் வாறீங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி தண்ணி கிண்ணி போடுவீகளோ?"

"நான் சூரியனுக்கு முன்னால எந்திரிக்கிறவன் டீச்சர். அது நல்ல நேரம்."

"அப்டின்னா?"

"ஒங்க வீட்டு காலண்டர்ல போட்டிருக்க மாட்டாகளா?"

"எங்க வீட்டுல கோயில் காலண்டர். அன்னைக்கு எந்தப் புனிதர் திருநாள்னு போட்டிருக்கும். மணியெல்லாம் போட மாட்டாங்க."

கீழே இறங்கி என் காலண்டரை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தேன். தாளைப் புரட்டிக் காட்டினேன். புதனும் வெள்ளியும் ஒன்பதரை, செவ்வாயும் சனியும் ஏழரை, இப்படி. டீச்சர் காலண்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பத்தின் நிழல் கிழமைக்குக் கிழமை இடம் மாறிப் படுத்திருந்ததன் காரணம் என் கையிலேயே இருந்தது.

"அப்ப புதனும் வெள்ளியும் ஒரே நேரந்தான?" என்றேன். "அந்த ரெண்டு கிழமைய மட்டும் எடுத்துப் போடச் சொல்ல முடியுமா ஒங்க ஆளுகிட்ட?"

"அதுக்கு ஒரு வரி போதும்ணே. ஆனா படம் கம்மியாயிருமே, சட்டுனு முடிஞ்சிரும்."

"ஒரு படத்த நாலஞ்சு தடவ போடச் சொல்லுங்க. நம்ம ஊர்ல எவனும் ஓடுறத ரசிக்க மாட்டான், நின்னு பாக்கணும்."

ஒரு வரியைச் சேர்த்தார். மறுபடி டீ. மறுபடி ஓட்டினோம். நிழல் ஒரு பக்கமாகவே விழுந்து, மாசத்துக்கு மாசம் சற்றே நகர்ந்தது. கம்பிகள் நீண்டன, சுவர்கள் வளர்ந்தன, மண்டபம் அமைதியாக எழுந்து நின்றது. டீச்சர் கைதட்டினார். நான் தட்டவில்லை.

"என்னண்ணே, இன்னும் என்ன?"

"முதலாளியக் காணோம்."

தலைவாசல் நிலை வைத்தது ஒரு வியாழக்கிழமை. முதலாளியும் அவர் சம்சாரமும் நிலைக்கு மஞ்சள் பூசிப் பூச்சூட்டிப் பால் தெளித்துக்கொண்டிருந்த படம், நாங்கள் தள்ளிவிட்ட கிழமையோடு போய்விட்டது. நான் எத்தனை ஆல்பம் கொடுத்திருக்கிறேன். எவனும் கோயிலையோ மேடையையோ முதலில் பார்ப்பதில்லை, தன் முகம் எங்கே என்றுதான் தேடுவான். மண்டபம் எவ்வளவு அழகாக முளைத்தாலும், முதலாளி முதலில் கேட்கப்போவது நான் எங்கே என்பதைத்தான்.

"நிலை வச்ச அன்னைக்கு எடுத்தத மட்டும் உள்ள கொண்டாங்க டீச்சர். அந்த இடம் வந்ததும் ஓட்டம் நிக்கட்டும். நல்லா எல்லாரும் பாத்து முடிக்கிற வரைக்கும் நிக்கட்டும். அப்புறம் போகட்டும்."

"வெளிச்சம் மாறுமே."

"நின்னு பாக்குறப்ப மாறுனா ஒண்ணும் தெரியாது. ஓடுறப்ப மாறுனாத்தான் தலை சுத்தும்."

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஒரு படத்தையே திரும்பத் திரும்பப் பல பிரதிகள் எடுத்து இடையில் நுழைக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினார். ஸ்கிரிப்ட் அவருடையது. யோசனை என்னுடையது. இதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு இல்லை.

திறப்பு விழா அன்று மேடையில் திரை கட்டி ஓட்டினோம். மண்டபம் முளைக்கத் தொடங்கியதும் சனம் பேச்சை நிறுத்தியது. நிலை வைக்கிற இடம் வந்து படம் நின்றபோது முதலாளியின் சம்சாரம், "இந்தச் சேலயத்தான் நான் தேடிக்கிட்டுத் திரியிறேன், ஒங்க தங்கச்சி வாங்கிட்டுப் போனவ குடுக்கவே இல்ல," என்று சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் படம் மறுபடி ஓடி, தளம் ஏறி, கோபுர முகப்பு வந்து முடிந்தது. இன்னொரு தடவை போடு என்றார்கள். போட்டேன்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அஸ்திவாரத்துல மழத் தண்ணி நின்னுச்சே, நான் கரையில நின்னு மோட்டார் போடச் சொல்லிக் கத்துனேனே, அது எங்கப்பா?"

"அது திங்கக்கெழம முதலாளி. சேக்கல."

"திங்கக்கெழம என்ன பாவம் பண்ணுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். படம் கெட்டுப்போச்சு என்றால் நம்பியிருப்பார். ஆனால் என் கேமரா எடுத்த படம் கெட்டுப்போச்சு என்று என் வாயால் சொல்லுவேனா? நல்ல நேரம் கிழமைக்குக் கிழமை மாறியதையும், நிழல் ஆடியதையும், இரண்டு கிழமையை மட்டும் வைத்துக்கொண்டதையும் சொன்னேன்.

அவர் வாசலுக்குப் போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அப்ப நான் சொன்ன நேரந்தான் படத்தக் கெடுத்துச்சுங்குற."

முன் அறை அவர் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நிதானமாகத்தான் சொன்னேன். "நேரம் கெடுக்கல முதலாளி. கல்யாணத்துக்கு ஒரு நேரம் பாக்குறோம், அன்னைக்கு முடிஞ்சிருது. இது வருசம் பூரா நடந்த வேல. அதுக்கும் ஒரே நேரமா இருந்திருக்கணும்."

"அந்த ஒரு நேரம் எதுங்குற?"

"படம் முழுக்க இருக்கே. புதன், வெள்ளி, ஒம்பதரை."

அவர் திரும்பி, வெறும் வெள்ளையாக நின்ற திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப வர்ற வெள்ளிக்கெழம ஒம்பதரைக்கு வந்து சாவிய வாங்கிக்க. லேட்டா வந்தீன்னா பழனி ரோட்டுக்காரன்தான்."

வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். டயர் கடை மாடியில் குழாய் அப்படியே இருந்தது. கேமராவை மாட்டி, ஒன்பதரை ஆகட்டும் என்று நின்றேன். கீழே முதலாளி சாவிக்கொத்தோடு வந்து அந்த அறையின் முன்னால் நின்று, மணிக்கட்டைப் பார்த்தார். கம்பத்தின் நிழல் அதன் இடத்தில் விழுந்திருந்தது. படத்தை எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.