இரண்டு டாக்டருக்கு ஒரு கூஜா

என் அக்காவுக்கு இருக்கிற வியாதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, இருதய பலவீனம், சிறுநீரகத்தில் கல். இதில் அவளுக்கு லேசான பெருமைகூட உண்டு என்பது என் சந்தேகம். கரமனை அக்ரஹாரத்தில், அத்திம்பேர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். பெங்களூரில் இருக்கும் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை மூச்சுத் திணறல் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அழைத்துப் போய்விடுவேன் என்று. அன்றைக்கு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பக்கத்திலேயே பூஜப்புரையில் இருக்கிறேன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இருதய டாக்டரிடம் துணைக்குப் போவது என் பொறுப்பு. கல்லுக்குப் பார்க்கிற டாக்டர் வேறு ஆஸ்பத்திரி. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய்வருவாள். எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்கிற புத்தி. ஆபீசில் இதற்காகவே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட என்னையே அக்காவின் கால் வீக்கம் திணற அடித்தது. சும்மா ஒரு நாள் பார்க்கப் போனால் கால் இட்லி மாதிரி உப்பியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். டாக்டரிடம் போகிற நாளிலோ கணுக்கால் எலும்பு தெளிவாகத் தெரியும். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "மிடுக்கியாணல்லோ" என்பார். மிடுக்கி என்றால் மலையாளத்தில் கெட்டிக்காரி. பெரும்பாலும் குழந்தைகளிடம் சொல்கிற வார்த்தை. எழுபதைத் தாண்டிய அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துபோகும். வீட்டில் வீக்கம் இருக்கிறது என்று நான் வாயெடுத்தால் மேஜைக்கு அடியில் தொடையில் கிள்ளுவாள். ஒரு தடவை கிள்ளலையும் பொறுத்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் அவள் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் மண்டைக் குடைச்சல் விடுமா? மாவடு ஜாடியைச் சந்தேகப்பட்டேன். அப்பள டப்பாவைச் சந்தேகப்பட்டேன். டிவி முன்னால் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதுதான் காரணம் என்று ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்தேன். நீர் பிரிகிற மாத்திரையைக்கூட எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆடி மாசத்து மழைதான் காரணம் என்று அக்கா சொன்னாள். டாக்டரைப் பார்க்கிற நாளில் மட்டும் மழை எப்படி விலகிப்போகிறது என்று கேட்டேன், அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் காலை சொல்லாமல் போய் நின்றேன். சாப்பாட்டு மேஜையில் பித்தளைக் கூஜாவை வைத்துக்கொண்டு, கஷாயம் குடிக்கிற முகத்தோடு டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கால் உப்பிக் கிடந்தது. ஏன் இப்படி என்றேன். வியாழக்கிழமை கல் டாக்டரைப் பார்க்க வேண்டுமே என்றாள், இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. கல் டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். இருதய டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னது எனக்கே தெரியும். அக்கா இரண்டு பேர் பேச்சையும் தட்டவில்லை. அடுத்து யாரிடம் போக வேண்டுமோ, அதுவரைக்கும் அவர் சொன்னபடி. கல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் கூஜாவைக் கவிழ்த்துவிட்டு, நாக்கு வறள வறள ஒரு சின்ன டம்ளர்தான். நீர்க்கடுப்பு வந்தால் பொறுத்துக்கொள்வாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உடம்பைப் பணயம் வைத்து ஒருத்தி அப்படி இருந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

இவரிடம் அவர் சொன்னதைச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட போய்க் கோள் சொல்றதாடி? ரெண்டு பேரும் தங்கமான மனுஷா."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. எனக்குச் சிரிப்பும் கோபமும் போய் பயம் வந்துவிட்டது. அப்போதே இருதய டாக்டரிடம் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன். மூச்சுத் திணறலைவிட அவளுக்கு வேறு கவலை. "இந்தக் காலோடயா அவர் முன்னால போய் நிக்கறது?" என்றாள். புடவையைத் தழையத் தழைய இறக்கிக் கட்டிக்கொண்டுதான் ஏறினாள்.

டாக்டர் புடவையை விலக்கிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. கல் டாக்டரின் நம்பரைக் கேட்டு வாங்கி, எங்கள் எதிரிலேயே கூப்பிட்டார். இரண்டு பேரும் மலையாளத்தில் கொஞ்ச நேரம் பேசி ஒரே அளவுக்கு வந்தார்கள்: முக்கால் கூஜா, தினமும், யாரைப் பார்க்கப் போனாலும் போகாவிட்டாலும். மாத்திரையையும் மாற்றி எழுதினார். அன்று மிடுக்கி என்று சொல்லவில்லை.

திரும்பும்போது அக்கா ஆட்டோவுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். மகளை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று எண்ணி, வீக்கம் வடிந்துவிடும், வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை என்று சமாதானம் சொன்னேன். கரமனைப் பாலம் தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"உன் அத்திம்பேர் போனப்புறம் என்னை மிடுக்கின்னு சொன்னது அந்த ரெண்டு டாக்டரும்தான்."

வீக்கம் வடிந்தது, மூச்சு சரியாயிற்று, வீடும் பூட்டாமல் தப்பித்தது. அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஃபோன் செய்து கூஜா விஷயம் கேட்டேன். அளந்து குடித்து முடித்தாயிற்று என்றாள். "மிடுக்கி" என்றேன். எங்களுக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. அவள் சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் கூப்பிட்டாள்.