பிளாக்கிக்கு ஒரு காம்பரா

கொழும்பில் வேலை செய்யும் சிநேகிதி நேற்று போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். பண்டிகை நாட்களில் செல்லப்பிராணிகளைப் பாதுகாக்கும் வழிகளாம். சொக்லேட் கொடுக்காதீர்கள், கோழி எலும்பு போடாதீர்கள். சரிதான். முதல் வரிதான் என்னை உசுப்பிவிட்டது: 'வெடிச்சத்தம் கேட்காத தனி அறையில் நாயை விடுங்கள்.' தனி அறையாம். ஹாலிஎலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். நாயோடு சேர்த்து ஏழு.

நாயின் பெயர் பிளாக்கி. நிறம் என்னவோ செம்மண். பெயர் வைத்தவள் நான். அப்போது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

எண்ணெய் காயும் வாசம் வந்தால் எல்லோருக்கும் முறுக்கு ஞாபகம் வருமாம். எனக்கு பிளாக்கியின் முதுகு. எனக்குப் பத்து வயதாக இருந்த தீபாவளியன்று, வாசலில் முதல் சரவெடி வெடித்ததும் அது அடுப்படிக்குள் பாய்ந்தது. அடுப்படிக்குக் கதவு ஏது? எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. அதற்கப்புறம் அதன் முதுகில் ஒரு கை அகலத்துக்கு முடியே முளைக்கவில்லை. தம்பி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த தீபாவளி நெருங்கியதும் அப்பா சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா அப்படி நடந்தா நாய் இங்க இருக்காது. பதுளை டவுன்ல கொண்டுபோய் விட்டுருவேன்."

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், தீபாவளியன்று தோட்டத்தில் ஆளில்லாத அறை ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். கல் சுவர், தடித்த கதவு. லீவு நாளில் பூட்டியிருக்கும். சாவி, பிள்ளை பார்க்கும் செல்வி அக்காவிடம்.

"புள்ளைங்க படுக்கிற எடத்த நாய்க்கா கேக்குற?"

"கழுவி விட்டுத் தாரேன்க்கா."

"கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்டி."

"நான் திருடிட்டேன்னு சொல்லுங்க."

அக்கா சாவியை வாசல் ஆணியில் மாட்டினார். "நான் குடுக்கல. நான் குளிக்கப் போறேன்" என்று போய்விட்டார்.

தீபாவளி காலை, புதுச்சட்டையோடு உள்ளே தரையில் உட்கார்ந்தேன். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி. மடியில் பிளாக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினார்கள். பக்கத்து லயத்து ரோசி, கூடையில் பூனையோடு. "குட்டி போடப் போகுதுடி. எடம் இருக்கா?"

"இருக்கு" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

அப்புறம் இரண்டு நாய்கள் வந்தன. பூனை கூடைக்குள்ளிருந்தே மூன்றையும் அடக்கி வைத்தது. குரைப்பு மேட்டுப் பங்களாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"யாரையும் கேக்கலைங்கய்யா."

"நாய்க்கு ரூம் கேக்குதோ?"

"எங்க வீட்டுல எடமில்லைங்க. உங்க பங்களாவுல நாலு ரூம் இருக்கு. ஒண்ணு குடுங்க, இப்பவே போயிர்றோம்."

ரோசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் பிளாக்கியை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் பிளாக்கியின் முதுகைப் பார்த்தார். "வாயப் பாரு" என்றார். பிறகு, "பினாயில் போட்டுக் கழுவணும்" என்று இறங்கிப் போய்விட்டார். சாவியைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். செல்வி அக்கா வீட்டு வேலைக்கு லெபனானுக்குப் போனார். ரோசி வத்தளையில் தையல் வேலை பார்க்கிறாள். லயத்தில் வீட்டுக்குக் காம்பரா மட்டும் இன்றும் ஒன்றுதான். அதைப் பற்றித் தோட்டத்து ஆபீசுக்கு நான் எழுதும் கடிதங்களை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பிளாக்கியும் இல்லை. எங்கள் வாசலிலேயே, வெயிலில் படுத்தபடி, பல்லெல்லாம் கொட்டி, கிழடாகிச் செத்தது.