அண்ணை கையில் எடுக்காத சாடி

எங்கள் தமையனார், அண்ணை, மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்க்கும் நண்பர்க்கும் எங்கள் வணக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போதே இது வெளிவந்திருக்க வேண்டும். பொருள்களுக்குத் தடை இருப்பதால் தாள் கிடைக்கவில்லை. இப்போதும் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சாகியிருக்கிறது, பொறுத்துக்கொள்வீர்கள். குடும்பத்தில் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் நான் ஒருவனே என்பதால் இந்தக் கட்டுரையை என்னிடம் விட்டார்கள். அண்ணையின் நற்குணங்களை எழுதுகிறேன். எழுதும்படி அவரே கேட்டுக்கொண்ட ஒரு பிழையையும் எழுதுகிறேன். அந்தப் பிழை அவருடையது மட்டுமன்று. அதனால்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

புத்தூரில், வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரக் குடும்பத்தில் அண்ணை மூத்தவராகப் பிறந்தார். தகப்பனாரான ஐயா இளவயதிலேயே காலமானதால், காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் அச்சுவேலிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார். இரசாயனத்தில் பட்டம் பெற்றுத் தெற்கே ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்களைப் படிப்பித்ததும் அக்காவைக் கரைசேர்த்ததும் அந்தச் சம்பளம்தான்.

தொழிற்சாலை அவரை மேற்பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்பியது. வார நாள்களில் பெரிய ஆலைகளில் பயிற்சி. சனி, ஞாயிறுகளில் அவர் தேடிப் போனது நாட்டுப்புறங்களில் இருந்த சிறு பட்டறைகளை. அங்கே ஒருவரோ இருவரோ மண்ணைத் தாமே பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, மரச் சாம்பலிலிருந்து, சுட்டபின் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகுக் குழம்பு கலந்து, தாமே சூளை வைத்துச் சுடுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும், அல்லது அடிக்குச் சற்று மேலே, தம் சிறு முத்திரையை அழுத்தி விடுவார்கள். இந்த நூற்றாண்டில் அந்த நாட்டில் தழைத்த கலை அது. கிண்ணம், சாடி, கூசா, தட்டம் என்று அண்ணை வாங்கிச் சேர்த்துக் கொழும்பு வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்து போயிற்று. அகதிகளோடு கப்பலில் ஊர் வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு மாற்று வேட்டியும், துவாயில் சுற்றிய சிறு கிண்ணமும் இருந்தன.

“தம்பி, காணி உறுதிப் பத்திரத்தை விட்டிட்டு உந்தச் சிரட்டையையே காவிக்கொண்டு வந்தனீ?” என்று அம்மா கேட்டார்.

“உறுதிக்குப் பிரதி எடுக்கலாம் அம்மா” என்றார் அண்ணை.

அதன்பின் அச்சுவேலியில் மாணவர்க்கு இரசாயனம் படிப்பித்தார். ஊர் அவரை மாஸ்டர் என்று அழைக்கத் தொடங்கியது. ஓய்வு கிடைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய சாடிகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். இந்தக் குடாநாட்டில் அவை கிடைக்குமா என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் கிடைத்தன. மிஷன் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்த ஆங்கிலேயர் ஊர் திரும்பும்போது, தூக்கிப் போக முடியாதவற்றைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவை எங்கள் குசினிகளில் புளிச் சாடியாகவும் உப்புச் சாடியாகவும் இருந்தன. மானிப்பாயில் ஒரு வீட்டுப் படலையில் அண்ணையோடு நான் நின்றபோது உள்ளே ஒரு பெண்குரல் கேட்டது:

“எடியே, புத்தூர் மாஸ்டர் வந்து நிக்கிறார். ஊறுகாய்ச் சாடியை அங்காலை தள்ளு. கண்டால் கவிட்டுப் பாக்காமல் போகார்!”

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். சாடி கிடைத்தால் பதிலுக்குப் புதுக் கண்ணாடிப் போத்தல்கள் கொடுப்பார். அதற்கு முன்பு, அது என்ன பாத்திரம், எப்படிச் செய்தது என்று வீட்டுக்காரருக்கு விளக்கமாகச் சொல்லிவிடுவார். கேட்ட சிலர் கொடுக்காமல் தாங்களே அலுமாரியில் வைத்துக்கொண்டார்கள். அண்ணைக்கு அதுவும் மகிழ்ச்சியே.

அவர் சோதிக்கும் முறை எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் இரு கையாலும் தூக்கி எடை பார்ப்பார். ஆலையில் அச்சில் வார்த்தது எங்கும் ஒரே கனமாக இருக்கும், கையால் வனைந்தது அடியில் கனத்து வாயில் மெலியும் என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடி வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டுவார். மெருகில் தோய்க்கும்போது குயவரின் விரல் பிடித்த இடம் வெறுமையாகத் தட்டுப்படும். கடைசியாகத்தான் முத்திரையைத் தேடுவார். “கண் ஏமாத்தும். கையிலை எடுக்காமல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது” என்பது அவர் வாக்கு.

1986இல் மானிப்பாயில், முன்பு ஒரு மிஷன் வைத்தியசாலையில் தாதியருக்குத் தலைவியாக, மேற்றனாக இருந்த ஆங்கிலேய அம்மையாரின் நினைவாக, அவரிடம் பயின்ற தாதியர் ஒரு சிறு கண்காட்சி வைத்தார்கள். மேற்றனின் தங்கை இங்கிலாந்தில் மட்பாண்டம் வனைந்தவர். அவருடைய முத்திரை ஓர் ஒற்றை இலை. தங்கை அனுப்பிய பாத்திரங்கள் பல வீடுகளில் இருந்து வந்து சேர்ந்தன. எவை உண்மையில் தங்கையின் கைவேலை என்று பார்த்துச் சொல்ல அண்ணையை அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

அங்கே மீனவர் ஊரான குருநகரிலிருந்து திரேசம்மா என்ற பெண் பஸ்ஸில் வந்தார். அவருடைய தாய் அன்னம்மா மேற்றனிடம் பல ஆண்டுகள் சமைத்தவர். திரேசம்மா கொண்டு வந்த மண்ணிறச் சாடியின் வெளிப்புறம் முழுவதும் உப்பும் கரியும் படிந்திருந்தன.

“மேற்றன் அம்மா ஊருக்குப் போகேக்கை எங்கடை அம்மான்ரை கையிலை குடுத்தது. என்ரை தங்கச்சி செய்தது, நீ வைச்சிரு எண்டு சொல்லித்தான் குடுத்தவவாம். அம்மாக்கு இப்ப நடக்க ஏலாது. இதையும் மற்றதுகளோடை வைக்கச் சொல்லி அனுப்பினவ.”

அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுக்குள்ளை என்ன வைச்சிருந்தனீங்கள்?”

“கருவாடு, ஐயா. கழுவித்தான் கொண்டு வந்தனான்.”

அண்ணை நிமிர்ந்து ஓரடி பின்னால் போனார். “இது கைவேலை இல்லைப் பிள்ளை. சீமையிலை இருந்து பழப்பாகு அடைச்சு வந்த கடைச் சாடி. கொண்டு போ.”

“அப்ப மேற்றன் குடுத்திருக்க மாட்டா” என்றார் ஏற்பாட்டாளர்களில் ஒருவர். “குசினியிலை இருந்து தானாய் நடந்து குருநகருக்குப் போயிருக்கும்!”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். திரேசம்மா சாடியைத் துணியில் சுற்றினார். “என்ரை அம்மா களவெடுக்கிறவ இல்லை” என்று, யாரையும் பாராமல் சொல்லிவிட்டு வெளியேறினார்.

நாங்கள் மீன் மச்சம் உண்ணாத சைவக் குடும்பம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மச்சம் உண்ணாமை வேறு. மச்சம் பிடிப்பவர் கொண்டு வந்த பாத்திரத்தைத் தொடாமை வேறு. மானிப்பாயிலும் சங்கானையிலும் மீன் சமைக்கும் வீடுகளின் சாடிகளை அண்ணை எடுத்துத் தடவிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அவை எங்கள் சாதி ஆட்களின் வீடுகள். ஆகவே அன்று தடுத்தது கருவாட்டு நாற்றமன்று. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் சுடும்.

1990இல் பக்கத்துக் கோட்டையில் இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது குருநகர் மக்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உட்பகுதி ஊர்களுக்கு ஓடி வந்தார்கள். புத்தூர்ப் பள்ளிக்கூடம் நிறைந்தது. அண்ணை நாள்தோறும் அங்கே போய், சமையலுக்கு விறகும் தண்ணீரும் ஒழுங்குசெய்தார். ஒரு காலை நாங்கள் இருவரும் கிணற்றடிக்குப் போனபோது, கட்டின்மேல் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்த ஒரு மண்ணிறச் சாடியும் அவற்றில் இருந்தது. அடிக்குச் சற்று மேலே, வெயில் படும் இடத்தில், ஓர் ஒற்றை இலை.

அண்ணை அசையாமல் நின்றார். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த திரேசம்மா நிமிர்ந்தார்.

“எடுத்துப் பாக்கலாமோ?” என்று அண்ணை கேட்டார்.

“பாருங்கோ மாஸ்டர். இப்ப கருவாடு இல்லை, நிவாரண உப்புத்தான். கை நாறாது.”

அண்ணை எடுத்தார். எடை பார்த்தார். விரலை ஓட்டினார். பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“இது மேற்றன்ரை தங்கச்சி செய்ததுதான்.”

“தெரியும்.”

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“அதுவும் தெரியும். கையாலை தடவிப் பாத்துச் சொல்லுற மனிசன் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான். நீங்கள் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டனீங்கள்.”

“அம்மா எங்கை இருக்கிறா? நான் அவவிட்டைச் சொல்லவேணும்.”

“அம்மா கண்ணை மூடிட்டா. அண்டைக்கு நான் திரும்பிப் போக, என்ன சொன்னவை எண்டு கேட்டவ. நல்ல சாமானாம், வைக்கத்தான் இடமில்லையாம் எண்டு சொன்னன். பிறகு ஆரோ உள்ளதைச் சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு ஆரும் தூக்கிக்கொண்டு போய்க் மாதா கோயிலிலை விட்டாலும் கடைசி வரிசை வாங்கிலைதான் இருப்பா. களவெடுத்தவ எண்டு சனம் பாக்குதாம்.”

 சாடி இன்னும் அண்ணையின் மடியில் இருந்தது.

“என்ன, இனி இதைத் தாங்கோ எண்டு கேக்கப் போறியளோ?”

“இல்லைப் பிள்ளை” என்று சொல்லிச் சாடியை அவர் கையில் கொடுத்தார். நல்ல பாத்திரமொன்றைக் கண்டும் அண்ணை கேட்காமல் விட்டதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அன்றே பள்ளிக்கூட முற்றத்தில் குருநகர் மக்கள் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு முதியவர் மட்டும், “அன்னம்மாவை எங்களுக்குத் தெரியும் மாஸ்டர். இதை உங்கடை ஆக்களுக்கல்லோ சொல்லவேணும்” என்றார்.

அண்ணை அதையும் செய்யப் பார்த்தார். மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். எஞ்சியவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போனார். அன்று மண்டபத்தில் பகிடி விட்டுச் சிரிக்க வைத்தவர் படலையிலேயே நிறுத்தி, “மேலை குண்டு போடுற பொம்பர் சுத்துது. நீர் ஒரு கருவாட்டுச் சாடிக்காக வந்து நிக்கிறீர்!” என்றாராம். வேறொருவர் தேநீர் கொடுத்துக் கதையை மாற்றினார். அண்ணை களைத்துத் திரும்புவார். அதன்பின் சாடி தேடி அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. யாராவது கொண்டு வந்து காட்டினால், “நான் சொல்லுறதை நம்பாதேங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பார்.

சென்ற ஆண்டு இருதய நோயால் மானிப்பாயில் வைத்தியசாலையில் இருந்தபோது என்னைக் கிட்ட அழைத்தார்.

“என்ரை மலரிலை நல்லவன், வல்லவன் எண்டு எழுதுவியள். எழுதுங்கோ. எங்கடை ஆக்களின்ரை எல்லா வீட்டுக்கும் போறது அது ஒண்டுதான். நான் போய்ச் சொல்லேக்கை கேக்காதவையும் அதை வாசிப்பினம். அன்னம்மான்ரை கதையை அதிலை எழுது.”

இக்கட்டுரையின் கைப்பிரதியைப் பார்த்த உறவினர் சிலர் மனம் வருந்தினார்கள். “அண்ணையின்ரை மலரிலை அண்ணையையே பழிக்கிறதோ?” என்று கேட்டார் மச்சான் ஒருவர். அண்ணிதான் பதில் சொன்னார்: “அவர் கேட்டதை எழுதாட்டி இந்த மலர் ஆருக்கு?” 

அச்சுக்குக் கொடுக்குமுன் திரேசம்மாவிடம் போனேன். அச்சுவேலிப் பக்கம் ஒரு கொட்டிலில் இன்னும் இருக்கிறார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தினார்.

“அம்மாவை வேலைக்காரி எண்டு போட்டிருக்கிறியள். சமைச்சவ எண்டு போடுங்கோ. மேற்றனுக்கு மீன்குழம்பு தின்னப் பழக்கினதே அவதான்.”

திருத்தினேன். முடிவில் நான் குடும்பத்தின் பெயரால் நீண்ட மன்னிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டு அவர் தலையை அசைத்தார்.

“உது உங்களுக்கு ஆறுதல். எனக்கு உது வேண்டாம். அம்மா சொன்னது உண்மை எண்டு மட்டும் போடுங்கோ. அது காணும், போதும்.”

ஆகவே மன்னிப்பை எடுத்துவிட்டேன்.

அண்ணையின் கடைசி நாள்களில் அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மருந்து தேடிக் குடாநாடு முழுவதும் சைக்கிள் ஓடிய அவருடைய மாணவர்களுக்கும், செத்த வீட்டிலும் கிரியைகளிலும் தோள் கொடுத்த அயலவர்க்கும், தாள் தட்டுப்பாட்டிலும் இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. கிணற்றடியில் அண்ணை கேட்டதும் சாடியைப் பார்க்கக் கொடுத்த திரேசம்மாவுக்கு நாங்கள் சொல்லும் நன்றி போதாது.

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அந்தச் சாடியை மேற்றன் அம்மையாரின் தங்கை வனைந்தார். மேற்றன் அதைத் தமக்குச் சமைத்த குருநகர் அன்னம்மாவுக்குத் தம் கையால் கொடுத்தார். அன்னம்மா சொன்னது உண்மை.